அன்புக் கணவர், பாசமிகு தந்தை, பேரன்: கல்வெட்டுகள் சொல்லும் வரலாறு

யாழ்ப்பாணத்திலே ‘கல்வெட்டு’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உள்ளன. ஒன்று, அரசர்கள் கல்லிலே பொறித்து வைத்த சாசனம். மற்றையது, ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளன்று அந்தியேட்டிக் கிரியை முடிந்து, வீட்டுக்கிருத்தியச் சாப்பாடும் முடிந்து, வந்தவர்கள் விடைபெறும்போது கையிலே கொடுக்கப்படும் சிறு நூல். வரலாற்று மாணவர்கள் முதலாவதைத் தேடிக் காடுமேடெல்லாம் அலைகின்றனர். இரண்டாவது, எங்கள் வீட்டு அலுமாரிகளின் மேல்தட்டிலே கரையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றது.

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் நான். நாடாளுமன்ற விவாதங்களையும் தலைவர்களின் பேச்சுக்களையும் எத்தனையோ பக்கங்கள் எழுதியிருக்கின்றேன். ஆயினும், எங்கள் சமூகத்தின் வரலாற்றை அறிய விரும்பும் இளைஞர்கள் என்னிடம் வழி கேட்டால், பழைய தலையங்கங்களைப் படிக்குமாறு நான் கூறுவதில்லை. மரண அறிவித்தல்களையும் கல்வெட்டுகளையும் படியுங்கள் என்றே கூறுவேன். அதற்கான காரணங்களை இங்கே எழுத விரும்புகின்றேன்.

நடுகல்லில் இருந்து அச்சுக்கு

இறந்தவரைப் பாடுவது தமிழருக்குப் புதிதன்று. போரிலே வீழ்ந்தவனுக்குக் கல் நடுவதைப் படிப்படியாக வகுத்துக் கூறுகின்றது தொல்காப்பியம். புரவலன் மறைந்தபோது புலவர் பாடிய கையறுநிலைப் பாடல்கள் புறநானூற்றிலே உள்ளன. ஆனால் அந்தக் கல்லும் அந்தப் பாட்டும் வீரனுக்கும் மன்னனுக்கும் வள்ளலுக்குமே கிடைத்தன. ஒரு தபாலதிபருக்கோ தோட்டக்காரருக்கோ கிடைக்கவில்லை.

அந்த நிலையை மாற்றியது அச்சியந்திரம். 1841 இல் ‘உதயதாரகை’ பத்திரிகை யாழ்ப்பாணத்தில் வெளிவரத் தொடங்கியது. 1849 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே தமது அச்சுக்கூடத்தை நிறுவினார். அதன் பின்னர் ஊருக்கு ஊர் அச்சகங்கள் தோன்றின. பெரியோர் மறைந்தபோது புலவர்கள் பாடிய சரமகவிகள் அச்சேறின. காலப்போக்கில் ஓரளவு வசதியுள்ள எந்தக் குடும்பமும் தன் தலைவனுக்கு ஒரு கல்வெட்டு அச்சிடலாம் என்ற நிலை உருவாகியது.

அந்நூல்களின் அமைப்பு ஏறக்குறைய ஒரேமாதிரியானது. அட்டையிலே அல்லது முதற்பக்கத்திலே இறந்தவரின் படம். அடுத்துத் திதி வெண்பா. தமிழ் வருடம், மாதம், பட்சம், திதி ஆகிய நான்கையும் நான்கு அடிகளுக்குள் அடக்கிவிடும் செய்யுள் அது. ஆண்டுத் திவசம் ஆங்கிலத் திகதியில் வருவதில்லை, திதியிலே வருவது. வீட்டிலே பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாதவர்கள்கூட நாளை மறந்துவிடாதிருக்க அந்த வெண்பா உதவியது. பின்னர் விநாயகர் வணக்கம், தேவாரம் முதலிய பஞ்சபுராணப் பாடல்கள், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், வம்சாவளி, இறுதியிலே நன்றி நவிலல். கிரியைகள் முடிந்ததும் இதனை ஒருவர் உரத்து வாசிக்க, மற்றையோர் கூடியிருந்து கேட்கும் வழக்கமும் இருந்தது.

இவற்றுள் வரலாற்று மாணவன் தேட வேண்டியவை இரண்டு. ஒன்று வாழ்க்கை வரலாறு, மற்றது வம்சாவளி. பெரும்பாலும் புலம்பல் எட்டுப் பக்கம் இருக்கும், வாழ்க்கை வரலாறு அரைப் பக்கம் இருக்கும். அந்த அரைப் பக்கத்திலேதான் நூறு ஆண்டுச் சமூக வரலாறு ஒளிந்து கிடக்கின்றது.

ஒரு வாக்கியத்தில் ஒரு வாழ்க்கை

கல்வெட்டின் சுருக்க வடிவமே பத்திரிகையின் மரண அறிவித்தல். 1930 இல் ‘வீரகேசரி’யும் 1932 இல் ‘தினகரன்’ பத்திரிகையும் தொடங்கப்பட்டன. 1959 இல் யாழ்ப்பாணத்திலிருந்து ‘ஈழநாடு’ வெளிவந்தது. 1985 இல் ‘உதயன்’ வந்தது. இந்தப் பத்திரிகைகளின் மூலம் மரண அறிவித்தலுக்கென்று ஒரு வாக்கிய அமைப்பு நிலைபெற்றுவிட்டது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இன்ன நாளில் காலமானார். அன்னார் காலஞ்சென்ற இன்னாரின் மகனும், இன்னாரின் மருமகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னார் இன்னாரின் மாமனாரும், இன்னார் இன்னாரின் அன்புப் பேரனும் ஆவார்.

தமிழகத்து வாசகர்கள் இதிலே ‘பேரன்’ என்ற சொல்லைக் கண்டு திகைப்பதுண்டு. எண்பது வயதில் இறந்தவர் எப்படிப் பேரனாவார் என்று ஒரு தமிழக நண்பர் என்னிடம் கேட்டிருக்கின்றார். எங்கள் வழக்கிலே தாத்தாவே பேரன், மகனின் அல்லது மகளின் மகன் பேரப்பிள்ளை. பேரனுக்குத் தந்தையானவர் பூட்டன்.

‘காலமானார்’ என்ற இடத்திலே வரும் சொல்லும் கவனிக்கத்தக்கது. சைவர்களின் அறிவித்தலிலே ‘சிவபதமடைந்தார்’ என்றிருக்கும். கிறிஸ்தவர்களின் அறிவித்தலிலே ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்றிருக்கும். முஸ்லிம்களின் ஜனாஸா அறிவித்தலிலே ‘வபாத்தானார்’ என்றிருக்கும். பெயரைப் பார்க்காமலே, அந்தக் குடும்பம் எந்த வழிபாட்டைச் சேர்ந்ததென்று அச்சுக்கோப்பவருக்குத் தெரிந்துவிடும்.

தொழிலும் அப்படியே. இளைப்பாறிய தபாலதிபர், இளைப்பாறிய புகையிரத நிலைய அதிபர், இளைப்பாறிய எழுதுவினைஞர், சமாதான நீதவான், மலாயன் பென்சனியர். ஒவ்வொரு சொல்லும் ஒரு காலகட்டத்தைக் குறிப்பது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து, மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் சென்றார்கள். 1905 இல் காங்கேசன்துறை வரை புகையிரதப் பாதை திறக்கப்பட்டதும் கொழும்புப் பயணம் இலகுவாகியது, தென்னிலங்கை உத்தியோகம் பெருகியது. ‘மலாயன் பென்சனியர்’ என்ற சொல் இப்போது அறிவித்தல்களிலே காணப்படுவதில்லை. அந்தத் தலைமுறை முழுவதும் மறைந்துவிட்டது.

அறிவித்தலைப் பெற்றுக்கொள்ளும் மேசையிலே சில காலம் நான் பணிபுரிந்திருக்கின்றேன். குடும்பத்தவர்கள் பெரும்பாலும் இரண்டு தாள்களுடன் வருவார்கள். ஒன்றிலே பெயர்கள், மற்றொன்றிலே சுற்றிவைத்த படம். பலருடைய வாழ்நாளிலே தனியாக எடுத்த படம் ஒன்றுகூட இருந்ததில்லை. கலியாணப் படத்திலிருந்து வெட்டிய தலை, தேசிய அடையாள அட்டைக்காக எடுத்த படம், இவற்றிலிருந்துதான் புளொக் செய்ய வேண்டியிருந்தது. பெயர் வரிசையிலே யார் முன், யார் பின் என்று மேசைக்கு முன்னாலேயே வாக்குவாதம் நடப்பதும் உண்டு. காதலித்து வேறிடத்தில் மணம் செய்துகொண்ட மகளின் பெயரை விட்டுவிடும்படி அண்ணன் சொல்ல, ‘அவவும் என்ர தேப்பன்ர பிள்ளைதான், போடுங்கோ ஐயா’ என்று தம்பி சொன்னதை நான் கேட்டிருக்கின்றேன். பெயர் போடப்பட்டது. செத்த வீட்டுக்கு அந்த மகள் வந்தாள் என்றும் பின்னர் அறிந்தேன்.

வானொலியும் இதற்குப் பெருந்துணை புரிந்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையிலே மரண அறிவித்தல் ஒலிபரப்பாகும் வேளையில் வீடுகளிலே பேச்சு நின்றுவிடும். தொலைபேசி இல்லாத காலத்திலே, திருகோணமலையில் இருந்த மகளுக்கும் பதுளையில் இருந்த தம்பிக்கும் தந்தி சேருமுன் வானொலி சென்று சேர்ந்தது. செய்தியைக் கேட்டவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு உறவினர் வீட்டுக்கு ஓடுவார். ‘இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும்’ என்ற வாக்கியம் இன்றும் பத்திரிகையிலே அச்சாகின்றது. நேரிற் சென்று சொல்லவேண்டிய இழவை இப்படித்தான் சொல்ல முடிந்தது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதே அதன் பொருள்.

என் பேரனாரின் கல்வெட்டு

என்னிடமுள்ள கல்வெட்டுகளில் ஒன்று என் தந்தைவழிப் பேரனாருடையது. அவர் புகையிரதப் பகுதியிலே 32 ஆண்டுகள் சேவையாற்றியவர். கல்வெட்டின் வாழ்க்கை வரலாற்றிலே அவர் கடமையாற்றிய நிலையங்களின் பெயர்கள் வரிசையாக உள்ளன. நாவலப்பிட்டி, ஹட்டன், பொல்காவலை, மாகோ, அனுராதபுரம். அவற்றின் கீழே, அவர் அன்புக் கணவராகவும் பாசமிகு தந்தையாகவும் வாழ்ந்தார் என்ற வழக்கமான வாக்கியம் இருக்கின்றது.

ஆனால் அக்காலத்து அரசாங்க உத்தியோகத்தரின் இல்லறம் எத்தகையது? மனைவியும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்திலே இருப்பார்கள். பிள்ளைகளின் படிப்பு, காணி, கோயில், வயதான பெற்றோர் ஆகிய அனைத்தும் மனைவியின் பொறுப்பு. கணவர் தென்னிலங்கையில் ஓர் அறையிலோ குவார்ட்டர்ஸிலோ இருப்பார். மாதந்தோறும் காசுக்கட்டளை வரும். தைப்பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாரண்டில் அவர் வருவார். என் தந்தையார் ஒருமுறை கணக்குப் பார்த்துச் சொன்னார். ஆண்டுக்கு ஆறு வாரம் என்று வைத்துக்கொண்டால், 32 ஆண்டுகளிலே 192 வாரங்கள். நான்கு ஆண்டுகள்கூட நிறையவில்லை. தன் தந்தையோடு தான் வாழ்ந்தது அவ்வளவுதான் என்றார். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் காசுக்கட்டளையிலேதான் ஆறு பிள்ளைகளும் படித்தார்கள், இரண்டு பெண்பிள்ளைகளுக்குக் கலியாணம் நடந்தது, கல்வீடு எழுந்தது.

இளைப்பாறிய பின்னர் அவர் பதினொரு ஆண்டுகள் ஊரிலே வாழ்ந்தார். அந்தப் பதினொரு ஆண்டுகளும் எங்களுடையவை. மேசையிலே விரலால் தட்டி மோர்ஸ் முறையிலே எங்கள் பெயர்களைச் சொல்லிக் காட்டுவார். தூரத்திலே புகைவண்டியின் சத்தம் கேட்டால் சட்டைப்பையிலிருந்து மணிக்கூட்டை எடுத்து, எத்தனை நிமிடம் பிந்திவிட்டதென்று முணுமுணுப்பார். கணவராகவும் தந்தையாகவும் இருக்க அவருக்குக் கிடைக்காத காலம், பேரனாக இருக்கக் கிடைத்தது. இறந்தபோது நெய்ப்பந்தம் பிடித்து அவரைச் சுற்றிவந்த பேரப்பிள்ளைகளில் நானும் ஒருவன். கல்வெட்டிலே பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று பத்து விருத்தங்கள் உள்ளன. மணிக்கூடும் இல்லை, மோர்ஸும் இல்லை. வேறு எந்தப் பேரனாருக்கும் பொருந்தக்கூடிய விருத்தங்கள் அவை.

மனைவி புலம்பலும் அவ்வாறே. ஊரிலே கவிபாட வல்ல ஒரு பெரியவர், குடும்பத்தாரிடம் விபரம் கேட்டு எழுதிக்கொடுத்தது. முப்பத்தொன்றன்று அது வாசிக்கப்பட்டபோது, மூலையிலே இருந்த என் பேர்த்தியார் என் தந்தையாரைக் கூப்பிட்டு, ‘தம்பி, இதை ஆர் எழுதினது? நான் இப்பிடிச் சொல்லேல்லையே’ என்று கேட்டாராம். செத்த வீட்டு முற்றத்திலே, பெண்கள் கட்டிப்பிடித்து அழுதபோது, அவர் தம் வாயாலேயே ஒப்பாரி சொன்னவர். 32 ஆண்டுகள் தனித்து வீட்டை நடத்திய கதை அந்த ஒப்பாரியிலே இருந்திருக்கும். அதனை எவரும் எழுதிவைக்கவில்லை. கல்வெட்டுகளை வரலாற்று ஆவணமாகக் கொள்வோர் இந்தக் குறையை மறக்கலாகாது. மனைவியின் பெயரிலே பாட்டு இருக்கின்றது, மனைவியின் குரல் இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. கல்வெட்டு அச்சிடப் பணம் வேண்டும், அறிவித்தல் போடவும் பணம் வேண்டும். ஆகவே, ஊரிலே நிலமும் உத்தியோகமும் உள்ளவர்களின் வரலாறே இவற்றிலே மிகுதி. சாதியால் ஒடுக்கப்பட்டோரின் வீடுகளிலிருந்து வெளிவந்த பழைய கல்வெட்டுகள் மிகக் குறைவு. மலையகத்திலே நிலைமை இன்னும் மோசம். கோப்பியையும் பின்னர் தேயிலையையும் உண்டாக்கி நாட்டை வளர்த்த தொழிலாளர், 1948 இல் குடியுரிமையையே இழந்தனர். லயத்து அறையிலே இறந்த ஒரு கணவனுக்கு, தந்தைக்கு, தாத்தாவுக்குத் தேயிலைச் செடியே கல்வெட்டு.

காலஞ்சென்ற என்று எழுத மறுத்தவர்

1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த பின்னர் அறிவித்தல்களிலே உத்தியோகப் பட்டியல் மாறத் தொடங்கியது. மொழித் தேர்ச்சி காரணமாகக் காலத்துக்கு முன்பே இளைப்பாறியவர்கள் பலர். 1958, 1977, 1983 வன்செயல்களின் பின் ‘வதிவிடம்’ என்ற இடத்திலே கொழும்பு மறைந்து லண்டனும் ரொறன்ரோவும் பாரிஸும் தோன்றின. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது 97,000 வரையான நூல்கள் அழிந்தன. அதே நாட்களிலே ‘ஈழநாடு’ அலுவலகமும் எரிக்கப்பட்டது. பத்திரிகை எரியும்போது தலையங்கங்கள் மட்டும் எரிவதில்லை. எத்தனையோ குடும்பங்களின் பெயர் வரிசைகளும் எரிகின்றன.

1990 இலே பொருளாதாரத் தடையின் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு அச்சுத்தாள் வரவில்லை. பாடசாலைக் கொப்பித் தாளிலும் பத்திரிகை அச்சாகியது. அந்தச் சிறிய தாளிலும் மரண அறிவித்தலுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டு வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள், கீரிமலைக்குச் சென்று அந்தியேட்டி செய்ய முடியாத நிலை ஏற்பட்டது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் முழுவதுமே இடம்பெயர்ந்தபோது, நகையையும் உறுதியையும் எடுத்துக்கொண்டவர்கள் கல்வெட்டுகளை விட்டுவிட்டே போனார்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் கொண்டவர்களிற் பலருக்கும், 2009 இல் முள்ளிவாய்க்காலிலே இறந்தவர்களிற் பெரும்பாலோருக்கும், அறிவித்தல் கொடுக்கக் குடும்பமே எஞ்சியிருக்கவில்லை அல்லது கொடுக்கும் நிலையிலே இருக்கவில்லை.

போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னர், எனக்குத் தெரிந்த குடும்பமொன்றிலே தந்தையார் இறந்தார். அறிவித்தலை எழுதித் தரும்படி என்னிடம் வந்தார்கள். நான்கு பிள்ளைகள். மூத்தவர் கனடா, இரண்டாமவர் பிரான்ஸ், கடைசி மகள் ஊரிலே. மூன்றாவது மகன் 2009 மே மாதத்திலிருந்து இல்லை. உறவினர் ஒருவர் அவருடைய பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று எழுதும்படி சொன்னார். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த தாயார் வெளியே வந்து, ‘அப்பிடி எழுதாதேங்கோ, அவன் செத்தவன் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை’ என்றார். பின்னர் எப்படி எழுதுவது? மற்றப் பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்திலே அடைப்புக்குறிக்குள் நாட்டின் பெயர் உண்டு. அவருடைய பெயருக்குப் பக்கத்திலே எதுவும் எழுதாமல் விட்டோம். கடைசி மகளின் பெயருக்குப் பக்கத்திலிருந்த ‘இலங்கை’ என்பதையும் எடுத்துவிட்டோம். ஒருவருடைய பெயர் மட்டும் தனித்துத் தெரியக்கூடாதென்பதற்காக.

அந்தத் தந்தையார் பல ஆண்டுகளாக மகனைத் தேடி முகாமுக்கும் அலுவலகத்துக்கும் அலைந்தவர். 2017 பெப்ரவரியிலே கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் வீதியோரத்திலே தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். 2018 இல் காணாமற்போனோர் அலுவலகம் செயற்படத் தொடங்கியது. அவரைப்போன்ற எத்தனையோ தந்தையர் விடை கிடைக்காமலே இறந்துவிட்டனர். அவர்களுடைய மரண அறிவித்தல்களைத் தொகுத்துப் பார்த்தால், அடைப்புக்குறி இல்லாத பெயர்கள் ஒரு பெரும் பட்டியலாகும். எந்த ஆணைக்குழுவின் அறிக்கையிலும் இல்லாத சாட்சியம் அது.

செய்யக்கூடியவை

இப்போது அறிவித்தல்கள் இணையத்திலே உடனுக்குடன் வருகின்றன. இறந்தவரின் படம் வண்ணத்திலே தெரிகின்றது, கிரியைகளை மெல்பேர்னில் இருக்கும் பேரப்பிள்ளைகள் நேரடியாகப் பார்க்கின்றார்கள். கல்வெட்டும் பளபளப்பான நினைவு மலராக மாறிவிட்டது. திதி வெண்பா எழுத வல்லோர் அருகிவிட்டனர். இவை குறித்து நான் வருந்தவில்லை. பழைய விருத்தங்களைவிட, பேரப்பிள்ளை தன் சொந்த வசனத்திலே எழுதும் நான்கு வரி எனக்கு உவப்பானது. 2005 இலே தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம், ஏனைய நூல்களோடு இந்த நினைவு மலர்களையும் சேர்த்துப் பாதுகாத்து வருகின்றது என்பது ஆறுதலான செய்தி.

வாசகர்களிடம் சில வேண்டுகோள்கள். வீட்டிலுள்ள பழைய கல்வெட்டுகளை எறியாதீர்கள். ஒளிப்படம் எடுத்தாவது நூலகத்துக்கு அனுப்புங்கள். புதிதாக மலர் வெளியிடுபவர்கள், வாழ்க்கை வரலாற்றுக்கு அரைப் பக்கத்துக்குப் பதிலாக நான்கு பக்கம் ஒதுக்குங்கள். எங்கே படித்தார், எங்கே வேலைசெய்தார், எந்த ஆண்டு இடம்பெயர்ந்தார், வீட்டை யார் நடத்தினார் என்பவற்றை எழுதுங்கள். மனைவி உயிரோடிருந்தால், அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். வம்சாவளியிலே எவரையும் விலக்காதீர்கள். காணாமற்போனவர்களின் பெயரை, காணாமற்போன இடத்தோடும் நாளோடும் பதிவுசெய்யுங்கள்.

அன்புக் கணவர், பாசமிகு தந்தை, பேரன் என்ற மூன்று சொற்களும் எல்லா அறிவித்தலிலும் ஒன்றுதான். அவற்றுக்குள்ளே இருந்த மனிதர் வேறு வேறானவர். அவரை நேரிலே அறிந்தவர்கள் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.